தகவலாளிகளும் சாட்சிகளும்: என்.எஸ்.யூ. கொலைகளும் ஜெர்மனியின் தீவிர வலதுசாரி ஆய்வும்

2000 செப்டம்பர் 9 அன்று ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் சாலையோரம் பூ விற்றுக்கொண்டிருந்த என்வர் ஷிம்ஷெக் சுடப்பட்டார். இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். அதிலிருந்து 2007 ஏப்ரல் வரை மேலும் ஒன்பது பேர் ஜெர்மனியின் வெவ்வேறு நகரங்களில் கொல்லப்பட்டனர். இறந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் துருக்கியிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒருவர் கிரேக்கர். கடைசியாகக் கொல்லப்பட்டவர் ஒரு பெண் காவலர். முதல் ஒன்பது கொலைகளிலும் ஒரே செஸ்கா கைத்துப்பாக்கி பயன்பட்டிருந்தது. தையற்காரர், மளிகைக் கடைக்காரர், சிற்றுண்டிக் கடைக்காரர், பூட்டுக் கடைக்காரர் என எல்லோரும் பெரும்பாலும் தங்கள் கடையிலேயே பட்டப்பகலில் சுடப்பட்டவர்கள்.

கொலையாளிகளைக் காவல்துறை கண்டுபிடிக்கவில்லை. 2011 நவம்பர் 4 அன்று ஐசனாக் நகரில் வங்கிக் கொள்ளைக்குப் பிறகு ஊவே முண்ட்லோஸ், ஊவே போன்ஹார்ட் என்ற இருவரும் ஒரு வாகனத்தில் பிணமாகக் கிடந்தார்கள். அவர்களுடைய கூட்டாளி பெயாட்டே செப்பே, மூவரும் வாழ்ந்த வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு, கொலைகளைக் கொண்டாடும் படத் தகடுகளைத் தபாலில் அனுப்பினார். ‘தேசிய சோசலிசத் தலைமறைவு இயக்கம்’ (என்.எஸ்.யூ.) என்ற நவநாஜிக் குழுவைப் பற்றி ஜெர்மனி அறிந்தது அந்தக் குழுவே சொல்லித்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தீவிர வலதுசாரி இயக்கங்களைக் கண்காணிப்பதற்கென்றே ஜெர்மனியைப் போல நிறுவனங்கள் கட்டிய நாடு வேறில்லை எனலாம். ஒரு மத்திய அலுவலகமும் பதினாறு மாநில அலுவலகங்களும் கொண்ட ‘அரசமைப்புப் பாதுகாப்பு’ உளவுத்துறை, பல்கலைக்கழக ஆய்வு மையங்கள், தன்னார்வ ஆவணக் காப்பகங்கள் எல்லாம் இருந்தன. அப்படியிருந்தும் பதின்மூன்று ஆண்டுகள் மூன்று பேர் தலைமறைவாக வாழ்ந்து பத்துப் பேரைக் கொல்ல முடிந்தது. இதை உளவுத்துறையின் ‘தோல்வி’ என்று மட்டும் சொல்லிக் கடப்பது வழக்கமாகிவிட்டது. தகவல் இல்லாமல் நேர்ந்த தோல்வி அல்ல இது. யாரிடமிருந்து வரும் தகவல் அறிவாக மதிக்கப்பட்டது, யார் சொன்னது புலம்பலாகத் தள்ளப்பட்டது என்பதே இதில் ஆராய வேண்டியது.

விலைக்கு வாங்கிய தகவல்

கெஸ்டபோவின் நினைவால், போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் உளவுத்துறையும் காவல்துறையும் தனித்தனியே வைக்கப்பட்டன. அரசமைப்புப் பாதுகாப்பு அலுவலகம் யாரையும் கைது செய்ய முடியாது. அதன் வேலை தகவல் சேர்ப்பதும் அரசுக்கு அறிக்கை தருவதும். நல்ல நோக்கத்தில் செய்த ஏற்பாடு. ஆனால் தகவல் மட்டுமே ஓர் அலுவலகத்தின் சொத்து என்றானபின், அந்தச் சொத்தைக் காப்பது அதன் முதல் கடமையாகிவிடுகிறது.

அந்தச் சொத்தை ஈட்டித் தந்தவர்கள் ‘வி-ஆட்கள்’ எனப்படும் தகவலாளிகள். இவர்கள் மாறுவேடத்தில் நுழைந்த அரசு அலுவலர்கள் அல்லர். நவநாஜிகளாகவே இருந்துகொண்டு, மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு, தங்கள் தோழர்களைப் பற்றிச் செய்தி சொன்னவர்கள். என்.எஸ்.யூ.வைச் சுற்றி இப்படிப்பட்டவர்கள் இரண்டு டஜனுக்கு மேல் இருந்தது பின்னர் தெரியவந்தது.

இந்த முறை எப்படி இயங்கியது என்பதற்கு டினோ பிராண்ட் போதும். 1994 முதல் 2001 வரை துரிங்கியா மாநில உளவு அலுவலகத்தின் தகவலாளியாக இருந்த இவர், அதே காலத்தில் ‘துரிங்கியா தாயகப் பாதுகாப்பு’ என்ற நவநாஜிக் கூட்டமைப்பைக் கட்டி எழுப்பியவரும்கூட. முண்ட்லோஸ், போன்ஹார்ட், செப்பே மூவரும் யேனா நகரில் அந்தக் கூட்டமைப்புக்குள் வளர்ந்தவர்கள். உளவு அலுவலகம் தனக்குத் தந்த பணம் ஏறத்தாழ 2,00,000 மார்க் என்றும் அதில் பெரும்பகுதியை இயக்க வேலைக்கே செலவிட்டதாகவும் பிராண்ட் பின்னர் சொன்னார். அவர் தன் பெருமைக்காகக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியை நம்பினாலும், கண்காணிக்கப்பட வேண்டிய அமைப்புக்குப் பயணச் செலவும் துண்டறிக்கைச் செலவும் அரசுக் கருவூலத்திலிருந்து போயிருக்கிறது.

1998 ஜனவரி 26 அன்று யேனாவில் ஒரு கார் கொட்டகையைக் காவல்துறை சோதனையிட்டபோது குழாய் வெடிகுண்டுகளும் 1.4 கிலோ டிஎன்டியும் கிடைத்தன. சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே போன்ஹார்ட் தன் காரில் ஏறிப் போய்விட்டார். மூவரும் தலைமறைவானார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பிராண்டன்பர்க் மாநிலத்தின் தகவலாளி ஒருவர், ‘பியாட்டோ’ என்ற புனைபெயர் கொண்டவர், தலைமறைவான மூவருக்கும் ஆயுதம் தேடப்படுகிறது என்று தெரிவித்தார். முதல் கொலைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வந்த செய்தி இது. ஆனால் தகவல் தந்தவர் யார் என்பது வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, காவல்துறை பயன்படுத்தக்கூடிய வடிவில் அதை ஒப்படைக்க பிராண்டன்பர்க் இசையவில்லை. பியாட்டோ யார் என்று பார்த்தால் இந்த அக்கறையின் விபரீதம் விளங்கும். 1992-இல் நைஜீரியாவைச் சேர்ந்த ஒருவரைக் கொல்ல முயன்ற வழக்கில் தண்டனை பெற்றவர் அவர்.

தகவலாளிகள் வேண்டும் என்போரின் வாதம் வலுவற்றதல்ல. மூடிய குழுக்களுக்குள் வெளியாள் நுழைய முடியாது. உள்ளே காது இல்லாவிட்டால் சதி வெடித்தபின்தான் தெரியும். மியூனிக்கில் யூத மையத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவைத் தாக்க 2003-இல் ஒரு நவநாஜிக் குழு போட்ட திட்டம் முன்கூட்டியே பிடிபட்டது. அந்தக் குழுவுக்குள் பவேரிய உளவு அலுவலகத்தின் தகவலாளி ஒருவர் இருந்தார். ஆனால் இந்த உதாரணமே ஒரு நிபந்தனையைக் காட்டுகிறது. தகவல் உரிய நேரத்தில் கைது செய்யும் அதிகாரம் உள்ளவரிடம் போய்ச் சேர்ந்தால்தான் அதற்குப் பயன். துரிங்கியாவிலும் பிராண்டன்பர்க்கிலும் அது போய்ச் சேரவில்லை. துரிங்கியா சட்டமன்ற விசாரணைக் குழு 2014-இல், தலைமறைவானவர்களைத் தேடும் பணி வேண்டுமென்றே முடக்கப்பட்டதோ என்று சந்தேகிக்க இடமுண்டு என்ற அளவுக்குப் போனது. அடுத்த ஆண்டு அந்த மாநிலம் தகவலாளி முறையைச் சில விதிவிலக்குகளுடன் கைவிட்டது.

இதே முறை சட்ட வழியையும் அடைத்த கதை இன்னொன்று உண்டு. நவநாஜிச் சார்புள்ள என்.பி.டி. கட்சியைத் தடை செய்யக் கோரி 2001-இல் மத்திய அரசும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அரசமைப்பு நீதிமன்றம் சென்றன. 2003 மார்ச்சில் வழக்கு கைவிடப்பட்டது. கட்சியின் தலைமைக் குழுக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் அரசின் தகவலாளி என்று தெரிந்ததுதான் காரணம். கட்சி பேசுவது எது, அரசு பேச வைத்தது எது என்று நீதிபதிகளால் பிரிக்க முடியவில்லை.

குடும்பங்கள் சொன்னது

கொலைகளை விசாரித்த பவேரியக் காவல்துறைச் சிறப்புக் குழுவுக்கு வைத்த பெயர் ‘போஸ்போரஸ்’. இஸ்தான்புல்லைப் பிளந்து ஓடும் நீரிணையின் பெயர். எங்கே தேடப்போகிறார்கள் என்பது பெயரிலேயே இருந்தது. போதைப்பொருள், சூதாட்டம், குடும்பப் பகை, மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். நியூரம்பெர்க்கில் காவல்துறையே மாதக்கணக்கில் ஒரு சிற்றுண்டிக் கடை நடத்தி, மிரட்ட யாராவது வருகிறார்களா என்று காத்திருந்தது. யாரும் வரவில்லை. ஷிம்ஷெக்கின் மனைவியிடம் பொன்னிற முடியுள்ள ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, இவர் உங்கள் கணவரின் இன்னொரு துணை என்றார்கள். அப்படி ஒரு பெண் இல்லை. மனைவியைப் பேச வைக்கச் செய்த தந்திரம் அது. தந்தை கொல்லப்பட்டபோது 14 வயதாயிருந்த மகள் செமியா, தாங்கள் பாதிக்கப்பட்டவர்களாக இருக்கக்கூட விடப்படவில்லை என்பதைப் பின்னாளில் எழுதினார். பத்திரிகைகள் தம் பங்குக்கு இந்தக் கொலைகளுக்கு ஒரு துருக்கியத் தின்பண்டத்தின் பெயரைச் சூட்டின: ‘டோனர் கொலைகள்’. 2011-இன் மிக மோசமான சொல்லாக ஜெர்மன் மொழியியலாளர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

காவல்துறைக்குள்ளேயே மாற்றுக் கருத்து எழாமல் இல்லை. 2006-இல் பவேரியக் குற்ற ஆய்வாளர்கள், கொலையாளி துருக்கியர்மீது வெறுப்புக்கொண்ட ஒருவராகவும் இருக்கலாம் என்று எழுதினார்கள். அது சிலருக்கு ஒவ்வவில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் இரண்டாம் அறிக்கை வாங்கப்பட்டது. மனிதரைக் கொல்வது நம் பண்பாட்டில் பெரும் விலக்கு; ஆகவே கொலையாளி இங்குள்ள விழுமியங்களுக்கு வெகு தொலைவிலிருந்து வந்தவராகவே இருக்க வேண்டும் என்றது அந்த 2007 அறிக்கை. இருபதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் வரலாற்றைக் கற்ற எவரும் இதை எழுதியிருக்க முடியுமா என்று கேட்கத் தோன்றும். எழுதினார்கள், அரசு முத்திரையோடு.

2004 ஜூன் 9 அன்று கொலோன் நகரில் துருக்கியக் கடைகள் நிறைந்த கோய்ப் தெருவில் ஆணிகள் நிரப்பிய குண்டு வெடித்து 22 பேர் காயமடைந்தனர். மறுநாளே உள்துறை அமைச்சர் ஓட்டோ ஷிலி, இதற்குப் பயங்கரவாதப் பின்னணி இருப்பதாகத் தெரியவில்லை என்றார். இது நாஜிகளின் வேலை என்று சொன்ன தெருவாசிகள், பதிலுக்குத் தங்கள் வரவுசெலவுக் கணக்குகளைக் காட்ட வேண்டியவர்களானார்கள்.

2006 ஏப்ரல் 4 அன்று டோர்ட்முண்டில் மெஹ்மெத் குபாஷிக்கும், இரண்டு நாள் கழித்துக் காசல் நகரில் 21 வயது ஹாலித் யோஸ்காட்டும் கொல்லப்பட்டனர். ஹாலித்தை அவருடைய இணைய மையத்தின் மேசைக்குப் பின்னே ரத்த வெள்ளத்தில் கண்டவர் தந்தை இஸ்மாயில். ஒரு மாதம் கழித்து, மே 6 அன்று, குடும்பங்களும் உறவினரும் அண்டை அயலாரும் காசலில் ஊர்வலம் போனார்கள். ‘பத்தாவது பலி வேண்டாம்’ என்பது முழக்கம். ஜூனில் டோர்ட்முண்டிலும் அதே முழக்கம். ஒன்பது கொலைகளும் ஒரே கையின் வேலை, அந்தக் கை இனவெறியின் கை என்று அங்கே நடந்தவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு ரகசியக் கோப்பு எதுவும் தேவைப்படவில்லை. யார் சாகிறார்கள் என்று பார்த்தாலே போதுமாயிருந்தது. ஊர்வலத்தைப் பெரும்பாலான ஜெர்மன் ஊடகங்கள் கண்டுகொள்ளவில்லை.

77 சதுர மீட்டர்

ஹாலித் கொல்லப்பட்ட நேரத்தை ஒட்டி அந்த இணைய மையத்தில் ஹெஸ்ஸே மாநில உளவு அலுவலகத்தின் அலுவலர் ஒருவர் இருந்தார். பெயர் ஆண்ட்ரியாஸ் டெம்மே. தகவலாளிகளைக் கையாள்வது அவர் வேலை. மற்ற வாடிக்கையாளர்கள் சாட்சி சொன்னபோது அவர் முன்வரவில்லை. கணினிப் பதிவை வைத்துக் காவல்துறைதான் அவரைக் கண்டுபிடித்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை, உடலைப் பார்க்கவில்லை, மேசையில் ஆள் இல்லாததால் 50 சென்ட் நாணயத்தை வைத்துவிட்டு வந்தேன் என்றார். அவர்மீதான வழக்கு கைவிடப்பட்டது. அவர் கையாண்ட தகவலாளிகளைக் காவல்துறை நேரில் விசாரிக்க அன்றைய மாநில உள்துறை அமைச்சர் அனுமதி மறுத்தார். மியூனிக் நீதிமன்றம் டெம்மேயின் கூற்றை நம்பத்தக்கது என ஏற்றது.

லண்டனில் இயங்கும் ‘ஃபோரன்சிக் ஆர்க்கிடெக்சர்’ குழு 2017-இல் இந்தக் கூற்றைச் சோதித்தது. கசிந்த காவல்துறைக் காணொளியும் தொலைபேசி, கணினிப் பதிவுகளும் அதற்குக் கிடைத்த பொருள்கள். 77 சதுர மீட்டர் பரப்புள்ள மையத்தின் அறைகளை பெர்லினில் அதே அளவில் கட்டி, 9 நிமிடம் 26 விநாடியை மீண்டும் நடித்துப் பார்த்தார்கள். சத்தம் எவ்வளவு கேட்கும், வெடிமருந்து வாசனை எப்படிப் பரவும், உயரமான ஒருவர் மேசையருகே நின்றால் பின்னால் கிடக்கும் உடல் கண்ணில் படுமா என்று அளந்தார்கள். டெம்மேயின் கூற்று நம்பத்தக்கதல்ல என்பது அவர்கள் முடிவு. காசல் நகரின் ‘டாக்குமென்டா’ கலைக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது, கொலை நடந்த ஊரிலேயே.

இந்த ஆய்வுக்கும் வரம்பு உண்டு. டெம்மே ஏன் மறைத்தார், மறைத்தாரா என்பதை அளவுகோலால் சொல்ல முடியாது. ஒரு கூற்று பொருந்துமா என்பதை மட்டுமே சொல்ல முடியும். கலைக்கூடத்தில் வைத்ததால் இதைக் ‘கலை’ என்று ஒதுக்குவதும் எளிதாயிற்று. ஆனாலும் இதன் மதிப்பு முறையில் இருக்கிறது. ஒவ்வொரு அடியும் வெளிப்படையாக வைக்கப்பட்டு, யாரும் மறுத்துப் பார்க்கலாம் என்று விடப்பட்டது. ஹெஸ்ஸே அலுவலகமோ தன் சொந்தக் கோப்புகளைப் பற்றி எழுதிய உள்ளறிக்கையை முதலில் 120 ஆண்டுகளுக்கு ரகசியமாக்கியது. எதிர்ப்புக்குப் பின் அது 30 ஆண்டானது. 2022 அக்டோபரில் தகவல் உரிமை அமைப்பு ஒன்றும் ஒரு தொலைக்காட்சி நையாண்டி நிகழ்ச்சியும் சேர்ந்து அதை வெளியிட்டன. உள்ளே பெரும் ரகசியங்கள் இல்லை; பின்தொடரப்படாத குறிப்புகளும் தொலைந்த தாள்களும் இருந்தன. அலுவலகம் காத்தது தன் மானத்தைத்தான்.

அரசுக்கு வெளியே

தீவிர வலதுசாரி வன்முறையைக் கணக்கெடுக்கும் வேலையை ஜெர்மனியில் அரசுக்கு வெளியே இருந்தவர்களே முதலில் ஒழுங்காகச் செய்தார்கள். ஷிம்ஷெக் சுடப்பட்ட அதே 2000 செப்டம்பரில் இரண்டு நாளிதழ்களின் செய்தியாளர்கள், 1990-க்குப் பின் தீவிர வலதுசாரிகளால் கொல்லப்பட்ட 93 பேரின் பட்டியலை வெளியிட்டார்கள். அரசின் எண்ணிக்கை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதன் விளைவாகக் காவல்துறையின் பதிவு முறையே மாற்றப்பட்டது. பெர்லினில் 1991-இல் தொடங்கிய ‘அபாபிஸ்’ காப்பகம் நவநாஜிகளின் துண்டறிக்கை, இசைத்தட்டு, பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்து வைத்தது. 2012-இல் உருவான ‘என்.எஸ்.யூ. வாட்ச்’ மியூனிக் வழக்கின் 438 நாட்களையும் உட்கார்ந்து எழுதியது. நீதிமன்றம் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யாத வழக்கில், பொதுமக்களுக்குக் கிடைத்த முழுமையான பதிவு இதுதான்.

பல்கலைக்கழகங்களில் இரண்டு போக்குகள் இருந்தன. ‘தீவிரவாதம்’ என்ற ஒரே சொல்லில் இடதையும் வலதையும் இரு ஓரங்களாக வைத்து, நடுவே ஆரோக்கியமான சமூகம் இருப்பதாகக் கொள்வது ஒன்று. உளவுத்துறைக்கு வசதியான பார்வை அது. பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தின் வில்ஹெல்ம் ஹைட்மையர் 2002 முதல் ஆண்டுதோறும் நடத்திய ஆய்வு மற்றொன்று. குடியேறியோர், யூதர், வீடற்றோர்மீதான வெறுப்பு ஓரங்களில் மட்டுமில்லை, நடுத்தர வர்க்கத்திலும் இருக்கிறது என்று பத்துத் தொகுதிகளில் காட்டினார்கள். ‘போஸ்போரஸ்’ என்ற பெயரை வைத்தவர்கள் நாஜிகள் அல்லர் என்பதை விளக்க முதல் பார்வையில் இடமே இல்லை, இரண்டாவதில் உண்டு.

ஆனால் ஒரு சங்கடத்தை மறைப்பதற்கில்லை. 2011-க்கு முன் பாசிச எதிர்ப்புக் காப்பகங்களும் இந்தக் கொலைத் தொடரை அடையாளம் காணவில்லை. நவநாஜிகளின் ஒவ்வொரு கொடியையும் சின்னத்தையும் அறிந்திருந்தவர்கள், 2006-இல் காசலில் நடந்த ஊர்வலத்தில் பெரும்பாலும் இல்லை. இயக்கங்களை நுணுகிப் படித்த ஆய்வு, அவற்றால் தாக்கப்பட்டவர்களிடம் கேட்கவில்லை. உளவுத்துறையின் தவறோடு இதைச் சமமாக வைக்க முடியாது. அவர்கள் பணமோ கோப்போ கையாளவில்லை. ஆனாலும் எதிரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது காதில் விழாது என்பதை அந்த வட்டாரங்கள் பின்னர் தாங்களே எழுதின. அதன்பின் வந்த ஆய்வுகளில் பாதிக்கப்பட்டோரின் சாட்சியம் முதலிடம் பெற்றதற்கு இந்தத் தன்விமர்சனம் ஒரு காரணம்.

2011-க்குப் பின்

என்.எஸ்.யூ. வெளிப்பட்டு ஒரு வாரத்தில், 2011 நவம்பர் 11 அன்று, மத்திய உளவு அலுவலகத்தில் துரிங்கியத் தகவலாளிகள் தொடர்பான கோப்புகள் அரைக்கப்பட்டன. விஷயம் வெளியானதும் 2012-இல் தலைவர் ஹைன்ஸ் ஃப்ரோம் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ்-கியோர்க் மாஸன் 2018-இல் நீக்கப்பட்டார். கெம்னிட்ஸ் நகரில் வெளிநாட்டவர் துரத்தப்பட்டதை அவர் ஐயத்துக்குள்ளாக்கிப் பேசியதில் தொடங்கிய சர்ச்சை அது. 2024-இல், அதே அலுவலகம் மாஸனைப் பற்றிய தரவுகளையே தன் வலதுசாரித் தீவிரவாதப் பிரிவில் சேர்த்து வைத்திருப்பது தெரியவந்தது.

நாடாளுமன்ற விசாரணைக் குழு 2013-இல் 1,300 பக்கங்களுக்கு மேல் ஒருமனதாக அறிக்கை தந்தது. பிரதமர் மெர்க்கெல் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லாம் வெளிக்கொணரப்படும் என உறுதியளித்திருந்தார். ஆனால் 2015-இல் வந்த சட்டம் தகவலாளி முறையைக் குறைக்கவில்லை. அவர்கள் சில குற்றங்கள் செய்ய இடம் தந்து, மத்திய அலுவலகத்தின் அதிகாரத்தையும் கூட்டியது. நோயைத் தந்த மருந்தையே அளவு கூட்டிக் கொடுத்தார்கள். 2019 ஜூனில் காசல் வட்டாரத் தலைவர் வால்டர் லுப்கே தன் வீட்டு வராந்தாவில் நவநாஜி ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி ஸ்டீபன் எர்ன்ஸ்ட் மிக அபாயமானவர் என்று 2009-லேயே ஹெஸ்ஸே அலுவலகக் குறிப்பொன்று எச்சரித்திருந்தது. பின்னர் அவர் கண்காணிப்பிலிருந்து விழுந்துபோனார். அவரைப் பற்றிய கோப்பை முன்பு ஒரு காலத்தில் கையாண்டவர்களில் டெம்மேயும் ஒருவர்.

இப்போது கேள்வி தலைமறைவுக் குழுக்களைத் தாண்டி வந்துவிட்டது. 2025 பிப்ரவரித் தேர்தலில் ஏ.எஃப்.டி. கட்சி 20.8 சதவீத வாக்கு பெற்றது. மே 2 அன்று மத்திய உளவு அலுவலகம் அதை உறுதிப்படுத்தப்பட்ட வலதுசாரித் தீவிரவாத அமைப்பு என வகைப்படுத்தி, கட்சி வழக்குத் தொடுத்ததும் சில நாட்களில் அந்த வகைப்பாட்டை நிறுத்திவைத்தது. ஏறத்தாழ 1,100 பக்க ஆதார அறிக்கையை அலுவலகம் வெளியிட மறுத்தது; சில நாட்களில் ஊடகங்கள் வெளியிட்டன. படித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி அந்தக் கட்சிக்காரர்கள் மேடையிலும் சமூக ஊடகத்திலும் வெளிப்படையாகப் பேசியவை. யார் வேண்டுமானாலும் தொகுத்திருக்கலாம்; பலர் தொகுத்தும் இருந்தார்கள். இந்தக் கட்சியைத் தடை செய்ய வேண்டும் என்போர் அரசமைப்பு நீதிமன்றம் செல்ல வேண்டுமானால், 2017 தீர்ப்பின்படி, கட்சித் தலைமையிலுள்ள அரசின் தகவலாளிகள் எல்லோரையும் முதலில் விலக்கிக்கொண்டதை நிரூபித்தாக வேண்டும்.